வலது காது

மில்லில் வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது.
திருப்பூர் பஸ் ராத்திரி ஒன்பதரைக்கு.
நடுவில் கிடந்த பகலை
லாட்ஜ் மின்விசிறிக்குக் கொடுக்க மனமில்லை.

வீரவநல்லூரில் இறங்கி
திருப்புடைமருதூருக்கு இன்னொரு பஸ்.
"தனியாவா போறீக?"
கண்டக்டர் இடப்பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.
எனக்கு இடப்பக்கம் முழுக்கப் பஞ்சு.
பதினேழு வருஷ ரிங் பிரேம் இரைச்சல்
அந்தக் காதில் படிந்து இறுகிவிட்டது.
மறுபடி கேட்டபோது
கழுத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.
"ஆமாங்க."
"கோயம்புத்தூர்ப் பக்கமோ?" என்றார்
அந்த ஒரு 'ங்க'வைப் பிடித்துக்கொண்டு.

கோபுரத்துக்குள்ளே நிலைக்கு நிலை ஓவியம்.
கதவில் பூட்டு.
"சாவி ஆபீசர்ட்ட இருக்கு. அவுக திங்கக்கெழமதான் வருவாக."
காவலர் கோமதிநாயகம் மனசு கேட்காமல்
தன் போனை நீட்டினார்.
குதிரை ஏற்றி வரும் கப்பல்.
திரை குறுக்கே கீறியிருந்ததால்
கடலின் நடுவில் ஒரு விரிசல்,
பாதிக் குதிரைகள் இந்தப் பக்கம்,
மற்றதெல்லாம் அந்தப் பக்கம்.
"நேர்ல பாத்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.
பூட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் சிரித்தோம்.

நடை சாத்துமுன் உள்ளே ஓடினேன்.
நாறும்பூநாதர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார்.
ஆற்றில் வெள்ளம்,
அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டாராம்.
செவி சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டாராம்.
குருக்கள் என் வலப்பக்கம் நின்று சொன்னதால்
கதை முழுசாக வந்தது.
எந்தக் காது என்று கேட்க நினைத்து
தட்டில் பத்து ரூபாய் போட்டுவிட்டு வந்தேன்.

கடனாநதி வந்து சேருமிடத்தில்
தாமிரபரணி கொஞ்சம் ஒதுங்கி உட்காருகிறது,
தினம் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி.
மருத மரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள்.
குரல் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேச்சு.
அது எனக்குப் பிடித்திருந்தது.
தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு
எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன்.

அக்கரையில் ஒரு பெண் கைவீசிக் கூப்பிட்டாள்.
என்னைத்தான், வேறு ஆளில்லை.
சாய்ந்தேன்.
காதோரம் கையைக் குவித்து இன்னும் சாய்ந்தேன்.
ஆற்றுச் சத்தம் வந்தது,
அதற்குள் எங்கேயோ ஒரு "...கிடுங்க".
கேட்காதபோது செய்வதைச் செய்தேன்.
வீட்டில், மில்லில், பெண் பார்க்க வந்த அன்று
செய்ததைத்தான்.
தலையை ஆட்டி, "சரிங்க!" என்று கத்தினேன்.

அவள் நாணலுக்குள் போய்விட்டாள்.
கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்
என் முதுகுக்குப் பின்னால் ஐந்து எருமைகள்.
ஒன்று என் சாப்பாட்டு இலையைத் தின்றுகொண்டிருந்தது.
எதற்குச் சரி சொன்னேன் என்று
அதன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றரை பஸ் ஹாரன் அடித்தது. அது மட்டும் கேட்டது.
ஒன்று வாழைத்தோப்பை நோக்கி நடந்தது.
குடையை விரித்துக்கொண்டு ஓடி மறித்தேன்.
"அங்க போகாதீங்க."
எருமைக்கும் 'ங்க'.

நிழல் நீண்டு தண்ணீரைத் தொட்டபோது தோன்றியது:
நன்றாகக் கேட்டிருந்தால்
அவர் நேராகவே நின்றிருப்பாரே.
பாதி காற்றோடு போய்
மீதிக்கு உத்தேசமாய்த் தலையாட்டி
ஆற்றில் வழிவிட்டாரோ என்னவோ.

ஆவுடைத்தங்கம் இடுப்பளவு தண்ணீரில்
கன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
"அந்தப் பக்கம் ஏறிட்டு, சனியன்.
நல்லவேள, நீங்க நின்னீக."
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று
நான் சொல்லவில்லை.
அவளும் எருமைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

வீரவநல்லூர் வரை வாழைத்தார் ஏற்றிய லோடு வண்டி.
ஓட்டுகிறவர் எப்போதும் வலப்பக்கம்தானே,
எல்லாம் கேட்டது:
தார் விலை, டீசல் விலை,
மருமகளை அவர் வீட்டில் பேசிய பேச்சு.
அந்த இடத்தில் மட்டும்
"அது சரியில்லைங்களே" என்றேன்.
வண்டி கொஞ்சம் மெதுவானது.